இரண்டாவது முட்டு

1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பத்தாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. ஆடி முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. வானத்தில் மேகம் இல்லை. மேற்கிலிருந்து அடித்த காற்று தெருப் புழுதியை அள்ளி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. மதுரையில் பழைய இரும்புச் சாமான்கள் விற்கும் ஒரு தெருவில், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நான் நின்றேன். என் பக்கத்து வீட்டு அண்ணாச்சி தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு ஜாக்கி இறங்குவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடை வாசலில் ஒரு பழைய வேன் நின்றது. அதன் அடியில் ஜாக்கியைத் தள்ளி, வண்டியைத் தூக்கி, எவ்வளவு உயரம் என்று பக்கத்துச் சுவரில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். பிறகு என்னை அழைத்துக்கொண்டு போய் எதிர்க்கடையில் டீ குடித்தார். திரும்பி வந்து, கோட்டிலிருந்து வண்டி தாழ்ந்திருக்கிறதா என்று பார்த்தார். அதற்குப் பிறகு பிடியைத் திருகி, மெதுவாக இறக்கிப் பார்த்தார். இது நான்காவது ஜாக்கி. நாலாவது டீயும் குடித்தாகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸில் காரியாபட்டி வரை நின்றுகொண்டே போக வேண்டும் என்பது வேறு கவலை.

கடைக்கார பாய்க்குப் பொறுமை போய்விட்டது. “அண்ணே, ஜாக்கி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? பொண்ணு பாக்குறவங்ககூட பஜ்ஜியத் தின்னுட்டு பதில் சொல்லிருவாங்க” என்றார்.

அண்ணாச்சி தலையைத் தூக்கவில்லை. “பொண்ணு பாக்கையில நான் இம்புட்டுப் பாக்கல பாய். அது தானா நல்லா அமஞ்சுபோச்சு. எல்லாம் அப்படி அமையுமா?” என்றார்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில், ஊரை விட்டு ஏழு கிலோமீட்டர் தள்ளி, அப்போது எங்கள் மனைப்பிரிவில் மூன்றே வீடுகள் இருந்தன. ஒன்று அண்ணாச்சியுடையது. அதை ஒட்டி, ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு, என்னுடையது. எதிரே ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். சுற்றிலும் கரிசல் காடு, உடை மரங்கள், மழை பெய்தால் மட்டும் பச்சை. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அண்ணாச்சி சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுபவர். கான்கிரீட் கூரை போடும்போது கீழே தகரத்தைப் பரப்பி, சவுக்குக் கம்புகளால் முட்டுக் கொடுத்துத் தாங்குவார்கள் அல்லவா, அந்தத் தகரமும் கம்பும் அவரிடம் இருந்தன. வீட்டுக்குப் பின்னால் கம்புகள் மலை மாதிரி அடுக்கிக் கிடக்கும்.

அந்தத் தொழில் அவருக்குக் கொடுத்த குணமா, அவரோடு பிறந்ததா தெரியவில்லை. எதையும் அவர் ஒற்றை முட்டில் நிற்க விடமாட்டார். அவர் வீட்டு வாசற்கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், அதற்கும் மேல் குறுக்கே ஒரு கட்டை. பயணம் போனால் பையில் இரண்டு குடை, மழையே பெய்யாத எங்கள் சீமையில். பணம் கொடுத்தால் இரண்டு தடவை எண்ணித்தான் கொடுப்பார். முதல் தடவை எச்சில் தொட்டு, இரண்டாம் தடவை தொடாமல். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் உண்டியலில் காசு போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை நான் பூசைக்குக் கிளம்பும்போது சுவருக்கு மேலே கையை நீட்டி, “ஒங்க மாதாவுக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏத்திருங்க சார்” என்று ஒரு ரூபாய் தருவார். அதில் அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை.

அவர் மனைவியை நான் மதினி என்பேன். மெலிந்த உடம்பு, பெரிய குரல். மூச்சிரைப்பு இல்லாத நாட்களில் அந்தக் குரல் தபால்காரர் வீடு வரை கேட்கும். ஒரு நாள் அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கப் போனேன். இரண்டு பானை, இரண்டு செம்பு, ஆணியில் இரண்டு அரிக்கேன் விளக்கு. நான் சிரித்ததைப் பார்த்துவிட்டு மதினி சொன்னார்: “எண்ணிட்டீகளா சாரு? இந்த வீட்ல எல்லாம் ரெண்டு ரெண்டு. நான் ஒருத்திதேன் ஒண்ணு.”

அண்ணாச்சி காதில் விழாதவர் மாதிரி வெளியே போய்விட்டார். மதினி குரலைத் தாழ்த்தி மீதியைச் சொன்னார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பத்து வருடம் ஆனபோது, அண்ணாச்சியின் தாயார் சாப்பாடு பரிமாறிக்கொண்டே, எல்லாத்துக்கும் ரெண்டாவது முட்டு வைக்கிறவன் இதுக்கு மட்டும் ஏன் வைக்க மாட்டேங்கிறே என்று கேட்டிருக்கிறார். பாலவனத்தத்தில் ஒரு பெண்ணையும் பார்த்து வைத்திருந்தாராம். அண்ணாச்சி பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. “அன்னைக்கு அவுக எந்திரிச்சுப் போன போக்க நெனச்சாத்தேன் சாரு, இந்த ரெண்டு ரெண்டையும் நான் பொறுத்துக்கிடுதேன்” என்றார் மதினி.

அதே பாலவனத்தத்தில் புருஷனை இழந்த ஒரு பெண் ஒற்றை அறை வீடு கட்டினார். கூரை போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கையில் காசு தீர்ந்துபோய், முட்டுக்கு மேற்கொண்டு வாடகை கொடுக்க முடியாது என்று கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறார். கொத்தனார் முட்டுக் கம்புகளைப் பிரித்து வண்டியில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார். செய்தி கேட்டு அண்ணாச்சி சைக்கிளில் போனார். ஏற்றியதை எல்லாம் இறக்க வைத்து, மறுபடி நட்டுக் கொடுத்து, “வாடகை கெடக்கட்டும். இருபத்தோரு நாளைக்கு இது நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வந்தார். வரும்போது இன்னும் ஆறு கம்பு கூடுதலாக வைத்துவிட்டு வந்தார் என்பதைக் கொத்தனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மதினி அவருக்கு முட்டைக் குழம்பு வைத்தார். சந்தோஷம் வந்தால் அந்த வீட்டில் முட்டைக் குழம்பு. வாசம் சுவரைத் தாண்டி வரும்.

காரும் மதினிக்காகத்தான் வந்தது. ஆடிக் காற்றில் புழுதி கிளம்பினால் அவருக்கு மூச்சிரைப்பு வந்துவிடும். மார்புக் கூண்டுக்குள் பூனைக்குட்டி கத்துவது மாதிரி ஒரு சத்தம் வரும். பெரிய ஆஸ்பத்திரி ஏழு கிலோமீட்டர். பஸ்ஸோ மணிக்கு ஒன்று. எண்பத்தாறில் ஒரு தடவை பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது மதினியின் உதடு நீலமாகிவிட்டது. அந்த மாதமே அண்ணாச்சி தன் சாமான்களில் பாதியை விற்று, வெள்ளை நிறத்தில் ஒரு பழைய காரை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். நிறுத்துவதற்கென்று முற்றத்தில் கான்கிரீட் தளம் போட்டார். காரைக் கல்யாணத்துக்கும் எடுக்க மாட்டார், கருமாதிக்கும் எடுக்க மாட்டார். டாங்கியில் எப்போதும் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கும். ஐந்து வருடத்தில் பதினொரு தடவை அந்தக் கார் மதினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தது.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் மூன்று நாள் வைத்துக்கொள்வார்கள் என்று எல்லா வேலையையும் வீட்டிலேயே பார்த்தார். ஜாக்கியால் வண்டியைத் தூக்குவார். தூக்கியதும் இரண்டு சவுக்குக் கட்டைகளை அடியில் வைப்பார். ஒன்று போதுமே என்றால், “தூக்குறது வேற, தாங்குறது வேற சார். தூக்குறதுக்கு ஜாக்கி. தாங்குறதுக்கு முட்டு. அந்த முட்டு வழுக்குச்சுன்னா அதுக்கு ஒரு முட்டு” என்பார். அந்தக் கட்டைகள் வைத்த பிறகு வண்டிக்கு அடியில் யார் வேண்டுமானாலும் படுத்துத் தூங்கலாம்.

ஜாக்கி பழசு. அந்த ஆனி மாதம் அதில் எண்ணெய் குறைந்துவிட்டது என்று, வீட்டில் இருந்த பிரேக் ஆயிலை எடுத்து ஊற்றினார். இதுவும் எண்ணெய், அதுவும் எண்ணெய் என்ற நினைப்பு. கொஞ்ச நாளில் ஜாக்கிக்குப் பிடிமானம் போய்விட்டது. தூக்கியது தூக்கியபடி நிற்காது. முட்டி வலிக்காரர் உட்காருவது போல, முனகிக்கொண்டே கீழே வரும்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி, வியாழக்கிழமை, முன்பக்க இடது சக்கரத்தில் பிரேக் ஒழுகுவதைக் கண்டுபிடித்தார். பிரேக் இல்லாத வண்டியில் மதினியை ஏற்ற முடியாது. அன்றே சக்கரத்தைக் கழற்றி, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஒழுக்கைச் சரி செய்துவிட்டார். சக்கரத்தை மாட்டப் போகும்போதுதான் சிக்கல். சக்கரத்தைக் கழற்றிய கையோடு ஜாக்கி இறங்கிவிட்டதால், வண்டி தாழ்வாகவே முட்டில் உட்கார்ந்திருந்தது. சக்கரம் மாட்ட இன்னும் நான்கு விரல் உயரம் வேண்டும். ஜாக்கியை அடித்தார், அடித்தார். அது எழும்பவே இல்லை. டவுனுக்குப் போய் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுப் பார்த்தார். அவர்களிடம் இருந்தது லாரிக்கான ஜாக்கி. காருக்கு அடியில் நுழையாத உயரம்.

புது ஜாக்கி வாங்குவது என்று முடிவானது. ஆடியில் புதுச் சாமான் வாங்கலாமா என்ற கேள்வி வந்தது. பழசுக்கு மாற்றாக வாங்குவது புதுசு ஆகாது, வாங்கலாம் என்று மதினி தீர்ப்புச் சொன்னார். ஆனால் சனிக்கிழமை மட்டும் கூடாது. சனிக்கிழமை இரும்பும் எண்ணெயும் வாங்கினால் வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் வைத்திருக்கும் வழக்கம். ஜாக்கியோ முழுக்க இரும்பு, உள்ளே எண்ணெய். மதினியின் அப்பா ஒரு சனிக்கிழமை தண்ணீர் இறைக்க இரும்புச் சால் ஒன்று வாங்கிவந்தாராம். அந்த வருடம் கிணறு வற்றிப்போனதாம். எங்கள் சீமையில் எந்த வருடம் கிணறு வற்றாமல் இருந்தது என்று நான் கேட்டேன். “ஒங்களுக்குச் சனி கெடையாது சாரு. எங்களுக்கு உண்டு” என்று மதினி முடித்துவிட்டார்.

எனக்கு லீவு சனிக்கிழமைதான். தனியாகப் போய் ஒரு சாமான் வாங்கும் வழக்கம் அண்ணாச்சிக்குக் கிடையாது; இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். ஆகவே சனிக்கிழமை போய்ப் பார்த்து முடிவு செய்வது, திங்கட்கிழமை அவர் போய் எடுத்துவருவது என்று ஏற்பாடு. பார்ப்பதற்கு நாள் கிழமை இல்லை.

அப்படித்தான் அந்தக் கடை வாசலில் நின்றோம். முதலில் பார்த்தது குப்பி மாதிரி நிமிர்ந்து நிற்கும் சின்ன ஜாக்கி. முந்நூறு ரூபாய்தான். இதை எடுத்துக்கொண்டு போகலாமே என்றேன். டயரில் காற்று இறங்கிக் கிடக்கும் வண்டிக்கு அடியில் இது நுழையாது, அடிப்பாகமும் அகலம் போதாது என்று தள்ளிவிட்டார். அடுத்த மூன்றும் சக்கரம் வைத்த ஜாக்கிகள். நீளக் கைப்பிடி, முதலை மாதிரி தாழ்ந்த மூக்கு. இரண்டாவது, டீ குடித்து வருவதற்குள் கோட்டிலிருந்து ஒரு நூல் இறங்கியிருந்தது. மூன்றாவது அசையாமல் நின்றது. ஆனால் பிடியைத் திருகியதும் வண்டியைத் தொப்பென்று போட்டது. அதையும் வேண்டாம் என்றார்.

பாய் சிரித்தார். “தூக்குதா, நிக்கிதா, அதப் பாருங்கண்ணே. எறங்குறது எப்படி எறங்குனா என்ன?”

“ஏத்துறத எல்லா ஜாக்கியும் ஏத்தும் பாய்” என்றார் அண்ணாச்சி. “கூரைக்கு முட்டுக் குடுக்கிற அன்னைக்கு நான் நல்லாத் தூங்குவேன். எடுக்கிற அன்னைக்குத்தேன் தூக்கம் வராது.”

நான்காவதுதான் பச்சை நிற ஜாக்கி. கோட்டில் அப்படியே நின்றது. இறக்கும்போது, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் விடுவது மாதிரி வண்டியைத் தரையில் வைத்தது. அண்ணாச்சி எழுந்து, உள்ளங்கைப் புழுதியை வேட்டியில் துடைத்தார். பாய் ஆயிரத்து இருநூற்றைம்பது கேட்டார். ஆயிரத்து நூற்றைம்பதில் முடிந்தது. பழைய ஜாக்கிக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட பாய், பிரேக் ஆயில் ஊற்றியதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். அது உள்ளே இருக்கும் ரப்பரைத் தின்றுவிடுமாம்.

பணம் அண்ணாச்சியின் மடியில் இருந்தது. அவர் எடுக்கவில்லை. என்னைத் தனியே அழைத்து, ஐம்பது ரூபாய் முன்பணம் நீங்கள் கொடுங்கள், திங்கட்கிழமை தந்துவிடுகிறேன் என்றார். சனிக்கிழமை இரும்புக்கு அவர் கையிலிருந்து காசு போகக்கூடாது. முழுப் பணத்தையும் நானே கொடுத்து வாங்கி, நாளை விடியும் வரை என் வீட்டில் வைத்திருக்கிறேன் என்றேன். அவருக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. முகத்தில் தெரிந்தது. பிறகு தலையை ஆட்டினார்.

“ஒரே செவரு சார். அவளுக்குத் தெரிஞ்சா மனசு சங்கடப்படும். ரெண்டு நாள்தான?”

பாய் அந்த ஜாக்கியின் மேல் சாக்கட்டியால் ஒரு சிலுவைக் குறி போட்டு உள்ளே தள்ளினார்.

அந்த இரண்டு நாளுக்கும் அண்ணாச்சி முட்டு வைக்காமல் இருந்துவிடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டையில் இறங்கியதும் நேரே வாடகைக் கார் நிற்கும் இடத்துக்குப் போனார். தெரிந்த டிரைவர் ஒருவர். வண்டி மேலே நிற்கிறது, திங்கட்கிழமை வரை ஒரு கண் வைத்துக்கொள் என்றார். “மில்லுல இருந்து ஒரு போன் போடுங்க அண்ணாச்சி. பத்து நிமிசத்துல வந்து நிப்பேன்” என்றார் அந்த டிரைவர். எங்கள் மனைப்பிரிவிலிருந்து அரை கிலோமீட்டரில் ஒரு அரிசி மில் இருந்தது. அங்கே போன் உண்டு. மில் வாட்ச்மேனிடமும் சொல்லி வைத்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்கு வந்தார்.

மதினி வாசலிலேயே நின்றிருந்தார். என்ன நிறம் என்பதுதான் முதல் கேள்வி. பச்சை என்றோம். நல்ல நிறம் என்றார். அன்று அவருக்கு மூச்சு நன்றாகத்தான் இருந்தது. இரவு முட்டைக் குழம்பு வாசம் வந்தது.

பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறே முக்காலுக்கு நான் பூசைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. அதோடு காற்று. விடியற்காலையிலிருந்தே காற்று பேயாக அடித்தது. நான் போனபோது மதினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாத்திரை கொடுத்தாகிவிட்டது. கேட்கவில்லை.

நான் சைக்கிளில் மில்லுக்குப் போய் போன் போட்டேன். எடுத்தவர் வேறு ஆள். ஆடி ஞாயிறு ஆயிற்றே சார், எல்லா வண்டியும் விடியுமுன்னே கோயிலுக்குப் போய்விட்டன என்றார். அந்த டிரைவர் பெயரைச் சொன்னேன். அவரும் போய்விட்டார். நாலு மணிக்கு ஒரு சவாரி வந்ததாம், எட்டரைக்குள் திரும்பிவிடுவாராம்.

நான் திரும்பி வந்தபோது அண்ணாச்சி காருக்கு அடியில் பழைய ஜாக்கியை வைத்து அடித்துக்கொண்டிருந்தார். வண்டி ஒரு விரல் எழும்பும். அவர் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு குனிவதற்குள் இரண்டு விரல் இறங்கி முட்டில் உட்கார்ந்துவிடும். தபால்காரரும் நானும் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினோம். அவர் எழுபது வயதுக்காரர். நான் ஐம்பத்தைந்து கிலோ. எனக்குப் பயம் வந்தால் எண்ணுவேன். ஜாக்கியின் கைப்பிடி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றுப் பதினான்கு வரை எண்ணியது நினைவிருக்கிறது. முட்டு இரண்டும் அசையாமல் நின்றன. அவர் வைத்த முட்டு.

வாசலிலிருந்து மதினி ஏதோ சொன்னார். அவ்வளவு பெரிய குரல் இருந்தவர், அன்று பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்டது.

“விடுங்க. அது நிக்கட்டும். நாம பஸ்ஸுல போவோம்.”

ஏழு ஐம்பது பஸ் திருச்சுழியிலிருந்து கோயிலுக்குப் போகிறவர்களோடு நிறைந்து வந்தது. கை காட்டுவதற்கு முன்பே டிரைவர் நிறுத்திவிட்டார். மொட்டையடிக்கக் குழந்தையைக் கொண்டுபோன ஒரு குடும்பம் மூன்று பேர் சீட்டைக் காலி செய்து கொடுத்தது. மதினியை ஜன்னலோரம் உட்கார வைத்தோம். ஒரு பக்கம் ஜன்னல் கம்பி, மறுபக்கம் அண்ணாச்சியின் தோள். கண்டக்டர் யாரிடமும் டிக்கெட் கேட்கவில்லை. வழியில் எந்த நிறுத்தத்திலும் பஸ் நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்களும் வாய் திறக்கவில்லை. நேரே ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோனார்கள்.

ஊர் எல்லை தாண்டும்போதே மதினியின் தலை அவர் தோளில் சாய்ந்த விதத்தை நான் பார்த்தேன். அவரும் உணர்ந்திருப்பார். ஆனால் ஆஸ்பத்திரி வரை தோளை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். புழுதி படக்கூடாது என்று முந்தானையை எடுத்து மதினியின் மூக்கை மூடி, கையால் பிடித்தபடி வந்தார்.

மாலையில் அந்த வாடகைக் கார் டிரைவர் வந்தார். பந்தலுக்கு வெளியே நின்று, தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அண்ணாச்சி எழுந்து போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இறக்கினார். டீ கொடுக்கச் சொன்னார்.

சனிக்கிழமையே வாங்கியிருந்தால் என்று ஊரில் ஒருவரும் அவர் காதுபடச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியாரான நான் மட்டும் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை ஒரு மணி பஸ். மூன்றரைக்கு வீடு. சக்கரம் மாட்ட அரை மணி. நாலு மணிக்கு வண்டி தரையில். இந்தக் கணக்கை முப்பது வருடங்களுக்கு மேல் போட்டுவிட்டேன். விடை மாறுவதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. கார் அப்படியே மூன்று காலில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவருக்கு மேலே கை நீளவில்லை. நானும் கேட்கவில்லை. மெழுகுவர்த்தியை என் காசில் ஏற்றினேன். ஒரு நாள் அண்ணாச்சியே வந்து, கடைக்காரர் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாரே, சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே, போய் வர முடியுமா என்று கேட்டார். தன்னால் அந்தத் தெருவில் நிற்க முடியாது என்றார். பணம் பிறகு தருகிறேன் என்றார். எனக்குச் சம்பளம் வந்தது முப்பத்தோராம் தேதி. அது சனிக்கிழமை என்பது எனக்கு உறைக்கவில்லை. லீவு நாள் என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது.

பாய் அந்தக் குறி போட்ட ஜாக்கியை எடுத்து வைத்தார். அந்த அண்ணன் வரவில்லையா என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் கைக்குட்டையால் ஜாக்கியை முழுக்கத் துடைத்து, சாக்கில் சுற்றி, தானே ரிக்‌ஷாவில் ஏற்றினார்.

நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மணி நாலரை. தபால்காரரும் நானுமாகச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனோம். கேட்டைத் திறக்கப் போனேன். அண்ணாச்சி உள்ளேயிருந்து வேகமாக வந்து, கேட்டின் மேல் கை வைத்தார்.

“சார், இன்னைக்குச் சனி.”

சாக்கைக் கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்தோம். தபால்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணாச்சி உள்ளே போய் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து, கேட்டுக்கு வெளியே, சாலையோரத்தில் ஜாக்கிக்குப் பக்கத்தில் போட்டார். விடியும் வரை அங்கேதான் படுத்திருந்தார். வீட்டு வாசற்கதவு திறந்தே கிடந்தது. இரண்டு தாழ்ப்பாளும் போடவில்லை, கட்டையும் போடவில்லை.

மறுநாள் நான் பூசை முடிந்து வந்தபோது ஜாக்கியை உள்ளே கொண்டுவந்து, எனக்காகக் காத்திருந்தார். அடியில் தள்ளினோம். ஏழெட்டு அடியில் வண்டி நான்கு விரலும் எழும்பியது. அவ்வளவுதான், அவ்வளவு சுலபம். சக்கரத்தை மாட்டி, திருகுகளை முடுக்கினார். அடியிலிருந்த முதல் கட்டையை எடுத்தார். இரண்டாவதை எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, இரண்டு விரலால் பிடியைத் திருகினார். வண்டி தரைக்கு வந்தது. ஒரு சத்தமும் இல்லை.

“நல்ல ஜாக்கி சார்” என்றார்.

எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். ஜாக்கி ஆயிரத்து நூற்றைம்பது என்றேன். பஸ் சார்ஜ், ரிக்‌ஷா, லக்கேஜ், எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். விட மாட்டார் என்று தெரியும். சொன்னேன். உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்து, கார் மூடியின் மேல் வைத்து எண்ண ஆரம்பித்தார். எச்சில் தொட்டு, நிதானமாக எண்ணினார். இரண்டாம் தடவை எண்ணட்டும் என்று நான் கையை நீட்டாமல் நின்றேன். அவர் எண்ணவில்லை. அப்படியே மடித்து என் கையில் வைத்தார். ஆயிரத்து நூற்று எழுபத்தேழு ரூபாய் ஐம்பது காசு.